பேச்சும் பயிற்சியும்: ஓசூர் வட்டார வெண்டார் தொழிலகங்களில் பணிச்சூழலைச் சீர்செய்யும் முறை

பெரிய உற்பத்தி நிறுவனம் ஒன்றுக்குத் தேவையான உதிரிபாகங்களைச் செய்து கொடுக்கும் தொழிலகமும், அப்பாகங்களுக்கான வார்ப்பு, கடைசல், முலாம், வண்ணப்பூச்சு முதலிய வேலைகளை முடித்துத் தரும் தொழிலகமும் வழங்கு தொழிலகம் எனப்படும். ஓசூர் வட்டாரத்தில் அதற்கு வழங்கும் பெயர் வெண்டார். 1970-களில் சிப்காட் நிறுவனம் இங்கே தொழிற்பேட்டையை அமைத்ததும், 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மோட்டாரும், அதே பத்தாண்டின் பிற்பகுதியில் டைட்டன் கைக்கடிகாரத் தொழிற்சாலையும் வந்து சேர்ந்ததும், மூக்கண்டப்பள்ளி, ஜூஜுவாடி, பேகேப்பள்ளி முதலிய ஊர்களில் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் பெருகக் காரணமாயின. பெரிய ஆலைக்கு நேரடியாகப் பொருள் அனுப்பும் தொழிலகம் முதல் அடுக்கு, அத்தொழிலகத்திடம் ஆர்டர் பெறுவது இரண்டாம் அடுக்கு, அதனிடமிருந்து ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் பத்துப் பதினைந்து பேர் கொண்ட கூடம் மூன்றாம் அடுக்கு என்று இவ்வலை கீழே இறங்கிக்கொண்டே செல்கிறது. இறங்க இறங்க இலாப விழுக்காடும் சட்டத்தின் கண்காணிப்பும் ஒருங்கே மெலிகின்றன. அண்மை ஆண்டுகளில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் கைப்பேசிப் பாகங்கள் செய்யும் ஆலையும், போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் ஆலையும் பல்லாயிரம் இளம்பெண்களை வேலைக்கு ஈர்த்திருப்பதால், பணிச்சூழல் என்னும் சொல் இயந்திரக் காப்பு, கூலி ஆகியவற்றைக் கடந்து விடுதி, பேருந்து, குளியலறை வரை விரிந்துவிட்டது.

இத்தகைய தொழிலகங்களின் நிலையை மேம்படுத்த வாங்கும் நிறுவனங்கள் பொதுவாகக் கையாளும் வழி தணிக்கை. அதற்கு மாற்றாகவும் துணையாகவும் நிற்கக்கூடிய இன்னொரு வழியை, அதாவது நிர்வாகமும் தொழிலாளரும் முறைப்படி அமர்ந்து பேசுவதையும் அப்பேச்சுக்கு வேண்டிய திறனை இருதரப்புக்கும் பயிற்றுவதையும், இந்த அத்தியாயம் விளக்குகிறது. பாகத்தின் தரத்தைக் காப்பதற்காக ஓசூர் கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் பழகிக்கொண்ட ஒழுங்கு ஒன்று உண்டு; அவ்வொழுங்கையே தொழிலாளியின் உடலுக்கும் கூலிக்கும் பொருத்திப் பார்ப்பதே இங்கே சொல்லப்படும் முறையின் சாரம்.

தணிக்கையின் கண்ணுக்குத் தப்புவது

சமூகத் தணிக்கை என்பது வாங்கும் நிறுவனமோ அதன் சார்பில் ஒரு தனியார் அமைப்போ தொழிலகத்துக்கு வந்து, பதிவேடுகளையும் கட்டடத்தையும் பார்வையிட்டு, சில தொழிலாளரிடம் கேள்வி கேட்டு, மதிப்பெண் வழங்கும் நடைமுறை. ஓசூரில் இதனை ஆடிட் என்ற ஒற்றைச் சொல்லால் குறிப்பார்கள். ஆடிட்டுக்கு முந்திய வாரத்தில் தரையில் மஞ்சள் கோடுகள் புதிதாகப் பூசப்படுவதும், தீயணைப்பான்களில் தேதி ஒட்டப்படுவதும், சூப்பர்வைசர் முன்னிலையில் சொல்ல வேண்டிய விடைகள் தொழிலாளருக்கு மனப்பாடம் செய்விக்கப்படுவதும் தொழில் வட்டாரத்தில் எவருக்கும் புதிய செய்தியாக இராது.

இதன் விளைவை உலகம் இருமுறை கொடூரமாகக் கண்டது. 2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியில் தீப்பற்றி 250-க்கும் மேற்பட்ட தொழிலாளரைப் பலிகொண்ட அலி என்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலை, அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் எஸ்.ஏ. 8000 என்னும் பன்னாட்டுச் சமூகப் பொறுப்புச் சான்றைப் பெற்றிருந்தது. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற ராணா பிளாசா கட்டடத்துக்குள் இயங்கிய தொழிலகங்கள் சிலவற்றிலும் தணிக்கை நடந்திருந்தது. கட்டடத்தில் விரிசல் விழுந்திருப்பதை முந்தைய நாளே தொழிலாளர் கண்டனர். உள்ளே போகத் தயங்கினர். அத்தயக்கத்துக்குச் செவிசாய்க்க வேண்டிய அமைப்பு எதுவும் அங்கே இல்லை.

ஓசூருக்கு மிக அருகில் நடந்த நிகழ்வு இன்னும் கூர்மையான பாடத்தைத் தருகிறது. எல்லைக்கு அப்பால், கோலார் மாவட்டம் நரசாப்பூரில், ஐபோன் தயாரித்துவந்த விஸ்ட்ரான் ஆலையில் 2020 டிசம்பர் 12 அன்று காலை ஷிப்ட் மாறும் வேளையில் தொழிலாளர் கொந்தளித்து ஆலையைச் சேதப்படுத்தினர். குறுகிய காலத்தில் ஆள்பலம் பெருகியபோது வேலை நேரத்தையும் சம்பளத்தையும் கணக்கிடும் முறை அதற்கு ஈடுகொடுக்கவில்லை என்பதும், அக்டோபர், நவம்பர் மாதங்களில் சில தொழிலாளருக்கு ஊதியம் தாமதமானது என்பதும் பின்னர் ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்ட செய்திகள். விஸ்ட்ரான் தகுதிகாண் நிலையில் வைக்கப்பட்டு, புதிய ஆர்டர்கள் நிறுத்தப்பட்டன. பெரும்பாலோர் ஒப்பந்த முகவர்கள் மூலம் சேர்ந்தவர்களாகையால், சம்பளம் குறைந்ததென்று முறையிடச் சென்றவர்களை ஆலை முகவரிடமும் முகவர் ஆலையிடமும் அனுப்பக்கூடிய நிலை இருந்தது. இத்தகைய குறை எழுந்த மறுநாளே அதை ஏற்றுப் பதில் சொல்லும் ஒரு மேசை இருந்திருக்குமானால், அது இரண்டு மாதம் புகைந்து ஒரே காலையில் வெடித்திருக்காது. 2023-ல் அந்த ஆலை டாடா குழுமத்தின் கைக்கு மாறியது.

தணிக்கை தேவையற்றது என்பது இதன் பொருளன்று. தீயணைப்பானில் அழுத்தம் உள்ளதா, அவசர வழி பூட்டப்பட்டுள்ளதா, பி.எஃப். எனப்படும் வருங்கால வைப்புநிதித் தொகை கட்டப்பட்டுள்ளதா என்பனவற்றை அது செம்மையாகக் காட்டும். ஓ.டி. எனப்படும் கூடுதல் நேர வேலையைச் செய்ய மறுத்தால் மறுவாரம் இரவு ஷிப்ட் மட்டுமே கிடைக்கிறதா, சூப்பர்வைசரின் வாய்ச்சொல் எப்படிப்பட்டது, மாதவிடாய் நாளில் கழிவறைக்குப் போக எத்தனை முறை அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது என்பன ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோகும் அந்நியரின் கேள்வித்தாளில் விடை பெறுவதில்லை.

பிரஸ் ஷாப்பில் தொடங்குதல்

பேச்சைத் தொடங்குவதற்கு ஏற்ற இடம் எது என்னும் கேள்விக்கு, இவ்வட்டாரத்தைப் பொறுத்தவரை, பிரஸ் ஷாப் என்பதே விடை. தகட்டை அழுத்தி வெட்டவும் வளைக்கவும் பயன்படும் பவர் பிரஸ் இயந்திரமே வாகன உதிரிபாகத் தொழிலில் விரல்களையும் உள்ளங்கைகளையும் மிகுதியாகப் பறிப்பது. ஹரியானாவின் மானேசர், குருகிராம், ஃபரிதாபாத் பகுதிகளில் காயமுற்ற தொழிலாளருக்கு உதவிவரும் சேஃப் இன் இந்தியா அமைப்பு 2019 முதல் வெளியிட்டுவரும் அறிக்கைகள், வாகன நிறுவனங்களின் கீழ் அடுக்கு வெண்டார்களிடமே இத்தகைய விபத்துகள் குவிவதைத் தொடர்ந்து காட்டுகின்றன. ஓசூரின் தொழில் அமைப்பு மானேசரின் அமைப்பை ஒத்ததாகையால், அவ்வறிக்கைகளை இங்குள்ள மேலாளர்கள் அயலூர்ச் செய்தியாகக் கருதாமல் படிப்பது நன்று.

பாகத்தில் ஒரு குறை தென்பட்டால் ஓசூரில் என்ன நடக்கும் என்பதை முதலில் நினைவுகூரலாம். வாங்கும் நிறுவனத்திடமிருந்து அன்றைக்கே தகவல் வரும். குறைபட்ட லாட் தனியே நிறுத்தப்படும். ஐந்து முறை 'ஏன்' என்று அடுத்தடுத்துக் கேட்டு மூலகாரணத்தை எட்டும் முறைப்படி ஆய்வு நடக்கும். திருத்தம் எழுதப்பட்டு, அது நிலைத்ததா என்று சில வாரம் கழித்துச் சரிபார்க்கப்படும். டி.வி.எஸ். மோட்டார் 2002-ல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றதற்குப் பின்னணியில் நின்ற முழுமைத் தர மேலாண்மை, அதன் வெண்டார்கள் வரை இறங்கி, கைசன் எனப்படும் சிறுசிறு தொடர் மேம்பாட்டையும் தரவட்டங்களையும் இவ்வட்டாரத்தின் அன்றாட வழக்காக்கியது. அதே கூடத்தில் ஒரு விரல் போகும்போது எழுதப்படும் காரணம் பெரும்பாலும் ஒரே வரிதான்: தொழிலாளியின் கவனக்குறைவு. விரிசல் விட்ட பிராக்கெட்டுக்கு ஐந்து 'ஏன்' கேட்கும் தொழிலகம் துண்டான விரலுக்கு ஒரு 'ஏன்' கூடக் கேட்பதில்லை என்பது இத்துறையின் மிகப் பெரிய முரண்.

அவ்வைந்து கேள்விகளைப் பிரஸ்ஸில் வேலை செய்பவரிடமே, விசாரணைத் தொனியின்றிக் கேட்டால், விடைகள் வேறு திசையில் போகும். கை ஏன் டை எனப்படும் அச்சுக்குள் போனது என்றால், வெட்டிய துண்டு உள்ளே சிக்கிக்கொண்டது. கருவியால் ஏன் எடுக்கவில்லை என்றால், கொக்கி இரண்டு பிரஸ்ஸுக்கு ஒன்றுதான் உள்ளது. இரு கைகளாலும் பொத்தானை அழுத்தினால்தானே பிரஸ் இறங்க வேண்டும் என்றால், ஒரு பொத்தானில் ஆப்பு செருகி வைக்கப்பட்டிருந்தது. ஏன் செருகினீர்கள் என்றால், அப்படிச் செய்யாவிட்டால் ஒரு ஷிப்டுக்குரிய டார்கெட் எட்டாது. டார்கெட்டை நிர்ணயித்தது யார் என்றால், கொட்டேஷன் போட்டவர், அதாவது ஓட்டத்தின் வேகத்தை இயந்திரத்தருகே வராமலேயே கணக்கிட்டவர். கவனக்குறைவு என்று தொடங்கிய விசாரணை விலை நிர்ணயத்தில் போய் முடிவதைக் காண இந்த ஒரு சங்கிலி போதும். இதில் வரும் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு திருத்தம் உண்டு: டையிலிருந்து துண்டைக் காற்றழுத்தத்தால் வெளித்தள்ளும் அமைப்பு, ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் தனிக் கொக்கி, இரு பொத்தான்களும் ஒரே கணத்தில் அழுத்தப்பட்டால் மட்டுமே இயங்கும் மின்சுற்று, கை உள்ளே நுழைந்தவுடன் பிரஸ்ஸை நிறுத்தும் ஒளித்திரை, இவை யாவற்றுக்கும் மேலாக மறுகணக்கிடப்பட்ட டார்கெட். ஒளித்திரையை வாங்கி மாட்டிவிட்டு டார்கெட்டை மட்டும் அப்படியே வைத்திருக்கும் கூடங்களில், சில மாதங்களில் ஒளித்திரையும் அணைத்து வைக்கப்படும். ஆகவே திருத்தங்களின் வரிசையில் கடைசியாகச் சொல்லப்பட்டதையே முதலில் செய்ய வேண்டும்.

பிரஸ் ஷாப்பில் தொடங்குவதற்கு இன்னொரு நடைமுறைக் காரணமும் உள்ளது. கூலி பற்றிய பேச்சில் நிர்வாகம் உடனே தற்காப்புக்குப் போகும். விபத்து பற்றிய பேச்சில் இருதரப்புக்கும் ஒரே அச்சம். பேசிப் பழகாத இருவர் பேசக் கற்றுக்கொள்வதற்கு அந்தப் பொது அச்சம் நல்ல களம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு சிறு, நடுத்தரத் தொழிலகங்களுக்காக 2009-ல் தொடங்கிய ஸ்கோர் பயிற்சித் திட்டத்திலும் தரம், உற்பத்தித்திறன் ஆகிய பாடங்களுக்கு முன்னதாக, பணியிட ஒத்துழைப்பு என்பதே முதல் பாடமாக வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. இத்திட்டத்தில் தொழிலாளரும் மேலாளரும் ஒரே வகுப்பில் அமர்ந்து, முடிவில் தங்கள் கூடத்துக்கான மேம்பாட்டுக் குழு ஒன்றை அமைத்துக்கொண்டு திரும்புகின்றனர்.

மேசையை அமைத்தல்

பேச்சுக்கான அமைப்புகளைச் சட்டம் ஏற்கெனவே பெயர் சொல்லி வகுத்துள்ளது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பின்படி, 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள தொழிலகத்தில் குறைதீர்க்கும் குழு அமைய வேண்டும். அதில் இருதரப்பும் சம எண்ணிக்கையில், மொத்தம் பத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். தலைமை ஆண்டுதோறும் மாறிமாறி வர வேண்டும். பெண் தொழிலாளரின் விகிதத்துக்கேற்ப உறுப்பினருள் பெண்கள் இருக்க வேண்டும். வந்த குறையை 30 நாளில் முடிக்க வேண்டும். 100 அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள இடத்தில் பணிக்குழு என்னும் கூட்டுக்குழு 1947-ஆம் ஆண்டுத் தொழிற்தகராறு சட்டக் காலத்திலிருந்தே உள்ள ஏற்பாடு. பாலியல் தொந்தரவைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் எந்த இடத்திலும், மூத்த பெண் பணியாளரின் தலைமையில், பாதிக்குக் குறையாத பெண்களும் வெளி உறுப்பினர் ஒருவரும் கொண்ட உள்ளகக் குழுவைக் கட்டாயமாக்குகிறது.

ஆகவே குறை சட்டத்தில் இல்லை. பெரும்பாலான வெண்டார் தொழிலகங்களில் இக்குழுக்கள் அனைத்தும் இருக்கின்றன, ஒரே கோப்பில், ஒரே கையெழுத்தில். உயிருள்ள குழுவையும் கோப்புக் குழுவையும் பிரித்தறிய எளிய சோதனைகள் உண்டு. லைனில் நிற்கும் எவரையேனும் நிறுத்தி, தங்கள் பிரதிநிதி யார் என்று கேட்டால் பெயர் வருகிறதா. கடந்த மூன்று கூட்டங்களின் குறிப்பேட்டில் ஒரு முறையாவது நிர்வாகம் விரும்பாத விஷயம் பதிவாகியுள்ளதா. முந்தைய கூட்டத்தில் ஏற்கப்பட்ட வேலைக்குப் பொறுப்பாளர் பெயரும் நாளும் குறிக்கப்பட்டு, அது முடிந்ததா என்று அடுத்த கூட்டத்தின் தொடக்கத்தில் வாசிக்கப்படுகிறதா. மூன்றுக்கும் 'ஆம்' என்னும் விடை கிடைக்காத தொழிலகத்தில் பயிற்சி எதையும் தொடங்குவதற்கு முன் குழுவைக் கலைத்துவிட்டு மறைவாக்கெடுப்பின் மூலம் புதிதாகத் தேர்ந்தெடுப்பது மேல்.

தேர்ந்தெடுப்பில் இவ்வட்டாரத்துக்கே உரிய இரண்டு சிக்கல்கள் வரும். முதலாவது ஒப்பந்தத் தொழிலாளரும் அப்ரண்டிஸ்களும். கூடத்தில் நிற்பவர்களில் பெரும் பகுதி இவர்களாகவே இருந்தும், இவர்கள் 'நம் ஆட்கள் அல்லர்' என்ற காரணத்தால் வாக்காளர் பட்டியலுக்கு வெளியே நிறுத்தப்படுவதுண்டு. நரசாப்பூர் நிகழ்வின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளருக்கெனத் தனி இடம் ஒதுக்குவதோடு, கூட்டத்தில் ஒப்பந்தக்காரரும் உடனிருந்து பதில் சொல்வதை ஒப்பந்தப் பத்திரத்திலேயே நிபந்தனையாக எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டாவது மொழி. ஓசூர் மண்ணிலேயே தமிழும் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழிகள். அவற்றோடு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தவர்களின் மொழிகளும் சேர்கின்றன. ஊர்க்காரரான மேஸ்திரியை மொழிபெயர்க்கச் சொன்னால், அவரைப் பற்றிய குறை அவர் வாய்வழியே வெளிவராது என்பது சொல்லாமலே விளங்கும்.

குழு தொழிற்சங்கத்துக்கு மாற்றாக முடியுமா என்னும் கேள்வியைப் பல வழிகாட்டி நூல்கள் சுற்றிவளைத்துத் தவிர்க்கின்றன. திருப்பெரும்புதூர் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் நீடித்த வேலைநிறுத்தத்தின் மையக் கோரிக்கை, தாங்கள் அமைத்த சங்கத்துக்கு அங்கீகாரம் வேண்டும் என்பதே. 2025 ஜனவரியில் அச்சங்கம் பதிவு பெற்றது. தொழிலாளர் சங்கம் கேட்கும் இடத்தில் நிர்வாகம் குழுவை நீட்டினால், அக்குழு பிறக்கும்போதே நம்பிக்கை இழந்துவிடும். சங்கம் உள்ள தொழிலகத்தில் குழுவுக்கான தொழிலாளர் பிரதிநிதிகளைச் சங்கத்துடன் கலந்து தேர்வதும், சங்கம் இல்லாத இடத்தில் சங்கம் சேரும் உரிமைக்குக் குழு தடையாக நிற்காது என்று எழுத்தில் அறிவிப்பதும் உரையாடலின் முன்நிபந்தனைகள்.

சங்கத்தையே அச்சாகக் கொண்ட உரையாடலுக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு முன்மாதிரி உள்ளது. திண்டுக்கல் பகுதியில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தின் நாச்சி ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம்பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொலையுண்டதையடுத்து, தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் நீண்ட பேச்சுவார்த்தை நடத்தி, 2022 ஏப்ரலில் நிறுவனத்துடன் உடன்படிக்கை செய்துகொண்டது. எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய வாங்கும் நிறுவனங்களும் சங்கத்துடன் தனித்தனியே கட்டுப்பாட்டு ஒப்பந்தங்களில் கையொப்பமிட்டன. இவ்வேற்பாட்டின்படி சங்கம் தொழிலாளரிலிருந்தே கண்காணிப்பாளர்களைத் தேர்ந்து பயிற்றுகிறது. அவர்கள் தங்கள் தளத்தில் எழும் தொந்தரவுகளையும் குறைகளையும் கவனித்து நிர்வாகத்துடன் கூடும் கூட்டங்களில் எழுப்புகின்றனர். எழுப்பியவரைப் பழிவாங்குவது தடை செய்யப்பட்டுள்ளது. தொழிலகம் உடன்படிக்கையை மீறினால் வாங்கும் நிறுவனம் வணிக அளவில் நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டுள்ளது. முதல் ஆண்டில் 185 குறைகள் எழுப்பப்பட்டதாகவும், அவற்றில் ஏறத்தாழ அனைத்தும் தீர்க்கப்பட்டதாகவும் அறிக்கை வெளியாயிற்று. நாச்சியின் ஆடைகளுக்கு அமெரிக்கச் சுங்கத்துறை 2022 ஜூலையில் விதித்த இறக்குமதித் தடையை அதே ஆண்டு செப்டம்பரில் விலக்கிக்கொண்டதற்கும் இந்த ஏற்பாடு வழிவகுத்தது.

அந்த 185 என்னும் எண்ணை ஓசூர் மேலாளர் ஒருவர் எப்படிப் படிக்கிறார் என்பதே அவருடைய தொழிலகத்தின் நிலையைச் சொல்லிவிடும். குறைப்பெட்டி மாதம்தோறும் காலியாக இருப்பதைப் பெருமையாக ஆடிட்டரிடம் காட்டும் வழக்கம் இங்கே பரவலாக உண்டு. பெட்டி கேமராவுக்கு நேர் கீழே மாட்டப்பட்டிருப்பதையோ, அதன் சாவி எவர் மீது குறை வருமோ அவரிடமே இருப்பதையோ எவரும் சுட்டுவதில்லை. உரையாடல் தொடங்கிய முதல் ஆண்டில் குறைகளின் எண்ணிக்கை உயர்வது நம்பிக்கை பிறந்ததன் அளவு. ஆகவே வாங்கும் நிறுவனம் வெண்டாருக்கு வழங்கும் மதிப்பெண்ணில் குறைகளின் எண்ணிக்கையை எதிர்மறையாகக் கணக்கிடக் கூடாது. தீர்க்க எடுத்துக்கொண்ட நாளையும், அதே குறை மீண்டும் வந்ததா என்பதையும் மட்டுமே கணக்கிடலாம்.

யாருக்கு, எதில், எப்போது பயிற்சி

பயிற்சியைத் தொழிலாளரிடமிருந்து தொடங்குவதே வழக்கம். அது தவறான வரிசை. முதலில் பயிற்சி பெற வேண்டியவர் சூப்பர்வைசர். நேற்றுவரை இயந்திரத்தில் நின்று, திறமையால் உயர்த்தப்பட்டு, ஆட்களை நடத்தும் கலையில் ஒரு மணி நேரமும் பயிற்சி பெறாமல் முப்பது பேருக்குப் பொறுப்பேற்பவர் அவர். மேலிருந்து வரும் டார்கெட்டைக் கீழே கடத்துவதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே கருவி குரலை உயர்த்துவது. ஒரு தவறைச் சுட்டும்போது ஆளைச் சாடாமல் செயலைச் சொல்வது, விடுப்புக் கோரிக்கையை மறுக்க நேர்ந்தால் காரணம் கூறுவது, பெண் தொழிலாளரை ஒருமையில் அழைக்காமலிருப்பது, வடமாநிலத்தவரைப் பெயர் சொல்லி அழைப்பது ஆகியவற்றை நடித்துப் பார்த்துப் பழகும் அரை நாள் வகுப்பு, சுவரில் ஒட்டப்படும் நூறு சுவரொட்டிகளைவிடப் பயன்தரும்.

தொழிலாளருக்கான பயிற்சியில் முதலிடம் சம்பளச் சீட்டைப் படிப்பதற்குத் தரப்பட வேண்டும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 13,000 ரூபாய் பெறும் ஒருவரை எடுத்துக்கொண்டால், அதனை 26 வேலை நாளால் வகுக்க நாளொன்றுக்கு 500 ரூபாயும், 8 மணி நேரத்தால் வகுக்க மணிக்கு 62 ரூபாய் 50 காசும் வரும், ஓ.டி.க்குச் சட்டப்படி இருமடங்கு என்பதால் மணிக்கு 125 ரூபாய். மாதத்தில் 20 மணி நேரம் கூடுதலாக உழைத்தவருக்கு 2,500 ரூபாய் சீட்டில் தனி வரியாக வர வேண்டும். ஓ.டி. இல்லாத மாதத்தில் பி.எஃப். 12 விழுக்காடாக 1,560 ரூபாயும், ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் காப்பீட்டுக்கு 0.75 விழுக்காடாக 98 ரூபாயும் பிடிக்கப்படும், ஈ.எஸ்.ஐ.க்கு நிர்வாகம் தன் பங்காக 3.25 விழுக்காடு செலுத்தும். இக்கணக்கைக் கரும்பலகையில் போட்டுக்காட்டிய பின், ஒவ்வொருவரும் தம் சீட்டை எடுத்துத் தாமே சரிபார்க்க வேண்டும். வகுப்பு முடியும்போது இரண்டு மூன்று பேராவது வேறுபாட்டைக் கண்டுபிடிப்பர் என்பதால், ஊதியப் பிரிவின் அலுவலர் அதே அறையில் இருக்கும் நாளில் இப்பாடத்தை வைப்பது நல்லது. புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்புகளின்படி படிகள் மொத்தத் தொகையில் பாதியைத் தாண்டினால் மிகுதி ஊதியத்தோடு சேர்த்துக் கணக்கிடப்படும் என்பதையும், பணி நியமனக் கடிதம் பெறுவது ஒவ்வொரு தொழிலாளியின் உரிமை என்பதையும் இதே வகுப்பில் சொல்லலாம்.

பயிற்சி நேரம் வேலை நேரமே. அதற்குக் கூலி உண்டு. ஷிப்ட் முடிந்தபின், பேருந்து காத்திருக்கும்போது நடத்தப்படும் வகுப்பில் எவர் காதும் திறந்திருக்காது.

எல்லையும் விடுதியும்

ஓசூரின் தனித்தன்மை, சாலையின் ஒரு வளைவில் மாநிலம் மாறிவிடுவது. அத்திப்பள்ளி, ஆனேக்கல், பொம்மசந்திரம் ஆகிய கர்நாடகப் பகுதிகளில் வேலை செய்துவிட்டு ஓசூரில் வீடு திரும்புவோரும், அங்கிருந்து இங்கு வருவோரும் பலர். குறைந்தபட்ச ஊதிய அறிவிப்பு, ஆய்வு அதிகாரம், விடுமுறை நாட்கள் ஆகியவை ஆலை இருக்கும் மாநிலத்தைப் பொறுத்தவை. தமிழ்நாட்டில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககமும் கர்நாடகத்தில் அதற்குரிய தொழிற்சாலைகள் துறையும் தொழிலக ஆய்வைப் பார்க்கின்றன. ஈ.எஸ்.ஐ., பி.எஃப். ஆகியவை மத்திய ஏற்பாடுகளாகையால் எல்லை அவற்றுக்குத் தடையன்று. எங்கே முறையிடுவது என்று தெரியாமல் அலைவதைத் தவிர்க்க, தொழிலகத்தின் முகவரிக்குரிய அலுவலகங்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் கேன்டீன் சுவரில் நான்கைந்து மொழிகளில் எழுதப்பட வேண்டும்.

விடுதியைப் பொறுத்தவரை, ஆலையின் மதிற்சுவரோடு பொறுப்பு முடிந்துவிடுகிறது என்னும் எண்ணத்தை இரண்டு நிகழ்வுகள் தகர்த்துவிட்டன. 2021 டிசம்பரில் திருப்பெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர், தங்கள் விடுதி உணவால் நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றதையடுத்து, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தனர். விடுதிகளும் உணவறைகளும் தன் தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று கண்ட ஆப்பிள் அந்த ஆலையையும் தகுதிகாண் நிலையில் வைத்தது. 2025 நவம்பரில் ஓசூர் அருகே பெண் தொழிலாளர் விடுதி ஒன்றின் குளியலறையில் மறைகேமரா கண்டுபிடிக்கப்பட்டபோது, அங்கே தங்கியிருந்த பெண்கள் பெருந்திரளாக வெளியே வந்து போராடினர். இரு நிகழ்விலும் பெண்கள் சாலைக்கு வந்தபின்பே செய்தி வெளியுலகை எட்டியது. ஆகவே விடுதியை நடத்துவது வேறொரு ஒப்பந்தக்காரராக இருப்பினும், விடுதிக்கெனத் தனிப் பிரதிநிதிகள், வாரந்தோறும் சமையலறையையும் குளியலறையையும் அவர்களே பார்வையிடும் உரிமை, வார்டனைக் கடந்து நேரடியாக ஆலைக் குழுவிடம் பேசும் வழி ஆகிய மூன்றையும் உரையாடல் அமைப்புக்குள் கொண்டுவந்தாக வேண்டும். பாலியல் தொந்தரவுச் சட்டம் பணியிடம் என்று கூறும்போது, வேலையின் பொருட்டுச் செல்லும் இடங்களையும் வேலைக்கு அழைத்துச் செல்ல நிர்வாகம் ஏற்பாடு செய்த போக்குவரத்தையும் சேர்த்தே கூறுகிறது என்பதும் நினைவிற்குரியது.

சிறு கூடங்களும் விலையும்

இதுவரை சொன்ன குழுக்கள் 14 பேர் வேலை செய்யும் ஜாப் ஒர்க் கூடத்துக்கு எவ்வாறு பொருந்தும் என்னும் ஐயம் நியாயமானது. குறைதீர்க்கும் குழுவுக்கான 20 பேர் என்னும் வரம்புக்குக் கீழே அது நிற்கிறது. தனிப் பயிற்றுநரை அமர்த்தும் வசதியும் அதற்கு இல்லை. இங்கே கூட்டு ஏற்பாடு ஒன்றே வழி. ஹோஸ்டியா எனப்படும் ஓசூர் சிறு, குறுந்தொழில் சங்கம் போன்ற அமைப்பின்கீழ், அருகருகே உள்ள எட்டுப் பத்துக் கூடங்கள் சேர்ந்து ஒரு பயிற்றுநரையும், உள்ளகக் குழுக்களுக்கான வெளி உறுப்பினர் ஒருவரையும் பகிர்ந்துகொள்ளலாம். பத்துப் பேருக்குக் குறைவான இடத்தில் வேலை செய்யும் பெண், மாவட்ட அளவில் அமைக்கப்படும் உள்ளூர்க் குழுவிடம் முறையிடலாம் என்பதையும் கூட்டு வகுப்பில் தெரிவிக்கலாம். முதல் அடுக்கு வெண்டார், தர ஆய்வுக்காகத் தன் ஆளை இக்கூடங்களுக்கு எப்படியும் அனுப்புகிறார். அந்த ஆளின் படிவத்தில் பிரஸ் காப்பு, சம்பளத் தேதி ஆகிய இரு வரிகளைக் கூட்டுவதற்குத் தனிச் செலவு எதுவுமில்லை.

செலவு வரும் இடம் வேறு. ஒரு தொழிலாளிக்கு மாதம் இரண்டு மணி நேரம் பயிற்சிக்கும் கூட்டத்துக்கும் ஒதுக்கினால், அந்நேரத்தின் கூலியை யாராவது ஏற்க வேண்டும். மறுகணக்கிடப்பட்ட டார்கெட்டால் ஒரு பாகத்துக்கான கூலிச்செலவு சற்றே உயரும். ஆண்டுதோறும் விலையைக் குறைக்கச் சொல்லிக்கொண்டே பணிச்சூழலை உயர்த்தச் சொல்லும் வாங்கும் நிறுவனம், உரையாடலின் ஒரு நாற்காலியைக் காலியாக வைத்துவிட்டு மற்ற இருவரையும் பேசச் சொல்கிறது. வெள்ளிக்கிழமை மாலை ஆர்டரின் அளவை இரட்டித்துத் திங்கட்கிழமை காலை லாரியை எதிர்பார்க்கும் கொள்முதல் அலுவலர், அந்த ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.க்குத் தாமே காரணம் என்பதை ஒருமுறையாவது வெண்டாரின் குழுக் கூட்டத்தில் அமர்ந்து கேட்க வேண்டும். செப்டம்பரில் ஆயுதபூஜைக்கு முன்னும், மார்ச்சில் கணக்காண்டு முடிவிலும் ஆர்டர்கள் குவிவது முன்கூட்டியே தெரிந்த செய்தியாகையால், எட்டு வாரத்துக்கு முன் உத்தேச அட்டவணையைத் தருவதும், அதனை மீறி ஆர்டர் உயர்ந்தால் ஓ.டி.யின் இருமடங்குக் கூலியில் ஒரு பங்கைத் தானே ஏற்பதும் கொள்முதல் ஒப்பந்தத்தில் எழுதப்படக்கூடிய நிபந்தனைகளே. கொட்டேஷன் படிவத்தில் மூலப்பொருள், இயந்திர நேரம், கூலி, போக்குவரத்து ஆகிய வரிகளுக்குக் கீழே பயிற்சிக்கும் பாதுகாப்புக்கும் என்று தனி வரி ஒன்றைச் சேர்த்து, அதனைப் பேரம் பேசிக் குறைக்க இயலாத தொகையாக வைக்க வேண்டும். அவ்வரி காலியாக வரும் கொட்டேஷனை, தொகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், கொள்முதல் பிரிவு திருப்பி அனுப்ப வேண்டும்.